காட்டுப்பன்றி: சுட அனுமதி யாருக்கு, எங்கே?

மக்காச்சோளக் கதிர் பால் பிடிக்கும் நாட்களில் தொண்டாமுத்தூர், காரமடை, ஆனைகட்டிப் பக்கத் தோட்டங்களில் இரவுத் தூக்கம் கிடையாது. காட்டுப்பன்றிக் கூட்டம் நுழைந்தால் தின்பது கொஞ்சம், சாய்ப்பது அதிகம். நிலக்கடலை, மரவள்ளி, வாழைக்கன்று எதுவும் தப்பாது. காட்டுப்பன்றியைப் பாதுகாப்புப் பட்டியலில் இருந்து நீக்க வேண்டும் என்று உழவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டு வருவது இதனால்தான்.

அந்தப் பட்டியல், 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகள். யானை, புலி, மயில், ஓநாய் ஆகியவை முதல் அட்டவணையில் உள்ளன. காட்டுப்பன்றி, 2022ஆம் ஆண்டு திருத்தத்துக்குப் பின் இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. இரண்டாம் அட்டவணை விலங்கை, குறிப்பிட்ட பகுதிக்கும் காலத்துக்கும் 'தீங்கு விலங்கு' என அறிவிக்க 62ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அந்த அதிகாரம் மத்திய அரசிடம் மட்டுமே உண்டு. பீகாருக்கும் உத்தரகண்டுக்கும் ஓராண்டு காலத்துக்கு அப்படி அறிவிப்பு கிடைத்தது. கேரளம் பலமுறை கேட்டும் கிடைக்கவில்லை.

மாநிலத்துக்கு உள்ள வழி 11ஆம் பிரிவு. பயிரை அழிக்கும் இரண்டாம் அட்டவணை விலங்கைக் கொல்ல, தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி தரலாம். தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் காட்டுப்பன்றிக்கென வெளியிட்ட விதிமுறை இதுதான்:

• காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கி.மீ. வரை: சுடக் கூடாது.
• 1 முதல் 3 கி.மீ. வரை: வனத்துறை பிடித்துக் காட்டில் விடும்.
• 3 கி.மீ.க்கு அப்பால்: வனத்துறை சுடலாம்.

எந்த இடத்திலும் உழவரே சுட அனுமதி இல்லை. சுட்டால் 3 ஆண்டு வரை சிறையோ, 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ வரலாம்.

காட்டை ஒட்டித் தோட்டம் வைத்திருப்பவருக்கு இந்த ஏற்பாடு மனக்குறைதான். பன்றி முதலில் இறங்குவது அவர் நிலத்தில். சுடும் அனுமதியோ அவருக்கு வெகுதூரம் தள்ளி. மறுபக்கம், புலிக்கும் சிறுத்தைக்கும் காட்டுப்பன்றி இரை. காட்டோரம் இரை குறைந்தால் அவை ஆடு மாடு தேடி ஊருக்குள் வரும் என்பது வனத்துறையின் கவலை. ஐரோப்பாவில் 2025இல் ஓநாயின் பாதுகாப்பை ஒரு படி குறைத்தபோதும் ஆடு வளர்ப்போருக்கும் காட்டுயிர் ஆர்வலர்களுக்கும் இதே வழக்குதான்.

இரு தரப்பும் ஒத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பன்றிக்கு வைத்த அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதைந்து கோவை வனப்பகுதியில் யானைகள் செத்திருக்கின்றன. திருட்டு மின்வேலி யானையை மட்டுமல்ல, விடியலில் தண்ணீர் கட்டப் போகும் ஆளையும் கொல்லும். சூரிய மின்வேலி போடுவதானாலும் வனத்துறையில் பதிவு செய்தே போட வேண்டும்.

உழவர்கள் இப்போது செய்ய வேண்டியவை: முதலில், தோட்டம் காப்புக்காட்டிலிருந்து எத்தனை கி.மீ. என்பதை வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சேதமான மறுநாளே தேதியுடன் படம் எடுத்து, சிட்டா, அடங்கல் நகலுடன் இழப்பீட்டுக்கு மனுக் கொடுங்கள். கிராம அளவுக் குழுவில் இருக்கும் ஊராட்சித் தலைவர், கிராம நிர்வாக அலுவலர், வனத்துறைப் பணியாளர் மூவரிடமும் தெரிவியுங்கள். சிறு சேதம்தானே என்று விட்டுவிட வேண்டாம். மனுவில் ஏறாத சேதம் அரசுக் கணக்கில் நடக்காத சேதம். நாளை பட்டியலை மாற்றச் சொல்லிக் கேட்கவும், 1 கி.மீ. எல்லையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கவும் அந்தக் கணக்குதான் கையில் இருக்கும் ஆதாரம்.