கிள்ளான் அக்கா நண்டு பிரட்டல்

மலேசியத் தமிழ் வீடுகளில், சமையலறை அலமாரியின் ஏதோ ஒரு மூலையில், ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம் இருக்கும். அதில் உணவின் பெயருக்கு முன்னால் ஓர் ஆள் நிற்பார். ‘கிள்ளான் அக்கா நண்டு பிரட்டல்’, ‘டீச்சர் வீட்டு நெய் உருண்டை’, ‘குவார்ட்டர்ஸ் ஆன்ட்டி சொதி’, ‘மாக்சிக் சம்பல்’. சாமான்களின் அளவு பாதிதான் எழுதியிருக்கும். அடுப்பை எப்போது தணிப்பது என்ற குறிப்பே இருக்காது. கொடுத்தவர் யார் என்பது மட்டும் தவறாமல் இருக்கும்.

அந்தத் தலைப்புகளைப் படித்தாலே கிள்ளான் பள்ளத்தாக்கில் யார் யாருக்குப் பக்கத்தில் வாழ்ந்தார்கள் என்று தெரிந்துவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தா வேலைக்கு வந்த குடும்பங்கள் பிரிக்பீல்ட்ஸில் நிறைய. அவர்கள் வீட்டுச் சொதியும் புட்டும் அண்டை வீட்டுத் தமிழ்நாட்டுக் குடும்பத்துக்கு வேலிக்கு மேலே கைமாறிய கிண்ணத்தில்தான் போயின. தோட்டத்து லயங்களிலிருந்து கிள்ளானுக்கும் ஷா ஆலமுக்கும் வந்த அம்மாக்கள், கோழிக்கறியில் செராய் (எலுமிச்சைப் புல்) தட்டிப் போடும் பழக்கத்தோடு வந்தார்கள். பெலாச்சான் என்ற இறால் விழுதை எவ்வளவு சுட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் பக்கத்துக் கம்போங்கின் மாக்சிக், மலாய் அத்தை. அவருடைய இயற்பெயர் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் சம்பல் அவருடையது என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை.

இந்தப் பழக்கம் இப்போது தேய்ந்துவருவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வாட்சப்பில் வரும் குறிப்பு பத்துக் குழு தாண்டுவதற்குள் பெயரை இழந்துவிடுகிறது. டிக்டாக்கில் அது இன்னொருவர் முகத்தோடு ‘என் ஸ்பெஷல்’ ஆகிறது. தீபாவளிக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே பலகார ஆர்டர் எடுக்கும் பெண்கள் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுவதும் இருக்கிறார்கள். தோழி அன்பாகக் கொடுத்த அளவு, அடுத்த வருடம் கலர் ஸ்டிக்கர் ஒட்டிய டப்பாவில் விலையோடு வந்து நிற்கும்போது, கொடுத்தவர் வாய்விட்டு எதுவும் கேட்பதில்லை. காசு கேட்க அவருக்கு மனமும் இல்லை. ‘இது அக்கா சொல்லிக்கொடுத்தது’ என்ற ஒரு வார்த்தை போதும் என்றிருக்கிறார். அது வருவதில்லை.

அச்சு முறுக்கு யாருடைய சொத்து என்று திருப்பிக் கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். அதே அச்சு, அதே அரிசி மாவு, அதே தேங்காய்ப்பால் கேரளத்தில் அச்சப்பம், மலாய் வீட்டில் குவே ரோஸ், சிங்கள வீட்டில் கொக்கிஸ். அச்சு முறுக்கு யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அச்சை எண்ணெயிலேயே நன்றாகக் காய வைத்த பிறகு, மேல் விளிம்பை மாவு தொடாதபடி முக்கால் அச்சு மட்டும் முக்க வேண்டும், விளிம்பு மூடினால் முறுக்கு கழலாது என்று உங்கள் பக்கத்தில் நின்று சொன்னவர் ஒருவர் உண்டு. நெய் உருண்டைக்கும் அப்படியே. வறுத்து அரைத்த பாசிப்பருப்பு மாவும் சீனித்தூளும் எல்லாருக்கும் தெரியும். நெய்யைக் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, கை பொறுக்கும் சூட்டிலேயே அழுத்தி உருட்ட வேண்டும், ஆறினால் உதிரும் என்பது ஒருத்தி இன்னொருத்திக்குக் காட்டித்தான் வந்தது. பண்டம் பொது. அந்தக் கைப்பக்குவத்தைக் கொடுத்த ஆள் பொது அல்ல.

நாடுகள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. 2009-இல் மலேசியாவின் அப்போதைய சுற்றுலா அமைச்சர் இங் யென் யென், லக்சாவும் கோழிச் சோறும் பா குத் தே என்ற பன்றி எலும்புச் சூப்பும் எங்களுடையவை என்று சொல்லப்போய் சிங்கப்பூரோடு வாக்குவாதம் ஆனது. 2024 பிப்ரவரியில் பா குத் தே தேசிய மரபு உணவாக அறிவிக்கப்பட்டது. அதைத் தங்கள் ஊர் உணவாகக் கருதும் கிள்ளான்காரர்களுக்கு அது பெருமை. அதே ஆண்டு டிசம்பரில் நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் சேர்ந்த மலேசியக் காலை உணவுப் பண்பாடு யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. பட்டியல்கள் இருக்கட்டும். ஆனால் அவற்றில் உணவின் பெயரும் நாட்டின் பெயரும் இருக்கின்றன, சமைத்தவள் பெயர் இல்லை. கடைக்காரர் பெயராவது எங்கோ தங்குகிறது. மீன் தலைக் கறி என்றால், 1949-ஐ ஒட்டிச் சிங்கப்பூரில் கடை வைத்திருந்த மலையாளி எம்.ஜே. கோமஸின் பெயரை இன்றும் சொல்கிறார்கள். வீட்டு அடுப்புக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

சட்டம் கைகொடுக்குமா என்றால், பெரும்பாலும் இல்லை. மலேசியாவின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் எழுத்தைக் காக்கிறது. எண்ணத்தையும் செய்முறையையும் அது காப்பதில்லை. சாமான் பட்டியலும் ‘வறுத்து அரைக்கவும்’ என்பதும் யாரும் எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் உங்கள் சொந்த நடையில் எழுதிய வரிகளும் உங்கள் தாயாரைப் பற்றிச் சொன்ன நினைவுகளும் வேறு கதை.

அந்த வேறு கதை 2021-இல் நடந்தது. சிங்கப்பூரைச் சேர்ந்த ஷரோன் வீ, தன் தாயாரின் நோன்யா எனப்படும் சீன-மலாய்ச் சமையலை 2012-இல் ஒரு நூலாகக் கொண்டுவந்திருந்தார். சிங்கப்பூரில் பிறந்து லண்டனில் பெயர் பெற்ற சமையல் கலைஞர் எலிசபெத் ஹேய் எழுதிய ‘மக்கான்’ என்ற நூலைப் புளூம்ஸ்பரி 2021-இல் வெளியிட்டது. தன் நூலின் குறிப்புகளும் பிற பகுதிகளும் அனுமதியில்லாமல் அதில் எடுத்தாளப்பட்டிருக்கின்றன என்று வீ பகிரங்கமாகச் சொன்னார். இரண்டையும் பக்கத்துக்குப் பக்கம் வைத்து வாசகர்கள் ஒப்பிட்டார்கள். அக்டோபரில் பதிப்பகம் உரிமைச் சிக்கல் என்று சொல்லி நூலைத் திரும்பப் பெற்றது. நோன்யாக் குழம்பு ஒன்றை யார் முதலில் வைத்தார்கள் என்பதல்ல அங்கே பிரச்சினை. தாயின் நினைவாக எழுதியவை இன்னொருவருடைய நினைவு போல அச்சில் வந்ததுதான் வீயைக் காயப்படுத்தியது. மறைந்த அம்மாவின் அளவைக் கையில் வைத்திருக்கும் எந்த மகளுக்கும் இது புரியும்.

தமிழில் இதற்கு நேர்மாறான ஒரு நல்ல கதை உண்டு. எஸ். மீனாட்சி அம்மாளின் சமையலுக்குச் சொந்தத்தில் நல்ல பெயர். உறவுப் பெண்கள் கேட்டபோதெல்லாம் அவர் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். இதைப் புத்தகமாக்கு என்று அவருடைய மாமா கே.வி. கிருஷ்ணசாமி ஐயர் சொன்னார். 1951-இல் ‘சமைத்துப் பார்’ வந்தது. சும்மா எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் பெயர் அட்டையில் ஏறியது, இன்றுவரை நிற்கிறது. ஆனால் அது சைவச் சமையல். கிள்ளான் துறைமுகத்து நண்டுக்கும், நெத்திலிச் சம்பலுக்கும், செராய் போட்ட கோழிக்கறிக்கும் நம்மில் ஒரு மீனாட்சி அம்மாள் அமையவில்லை. அவை இன்னும் அந்த நோட்டுப் புத்தகங்களில்தான் கிடக்கின்றன.

அளவு கேட்டால் ஒரு சாமானை மறைத்துவிட்டுச் சொல்லும் பெண்கள் இருக்கிறார்கள். சீரகத்தைச் சொல்வார்கள், சோம்பை விட்டுவிடுவார்கள். ஊர் அவர்களைக் கஞ்சம் என்று பேசும். நான் அப்படிப் பேசமாட்டேன். சட்டம் தராத பூட்டை அவர்கள் தாங்களே போட்டுக்கொள்கிறார்கள். முன்பு முழுதாகச் சொல்லி ஏமாந்தவர்களாக அவர்கள் இருக்கலாம். தன் பெயர் சொல்லப்படும் என்று நம்பும் பெண் சோம்பையும் சொல்வாள், எத்தனை சிட்டிகை என்றும் சொல்வாள். அந்த ஒரு சாமான் மறைத்தவளோடு போய்விட்டால் நஷ்டம் கேட்டவளுக்கும்தான், மறைத்தவளின் பேரப்பிள்ளைகளுக்கும்தான்.

பலகார ஆர்டர் எடுப்பவர்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த வருமானத்தில் பள்ளிக் கட்டணம் கட்டுகிறவர்கள் பலர். டப்பா மேல் ஒட்டும் ஸ்டிக்கரில் இடம் இருக்கிறது. விலைக்குக் கீழே இன்னொரு வரி பிடிக்கும். விற்பதற்கு முன் ஒரு போன் போட்டு, ‘அக்கா, உங்க நெய் உருண்டைய ஆர்டருக்குப் பண்ணட்டா?’ என்று கேட்டால் பெரும்பாலும் ‘தாராளமா பண்ணும்மா’ என்றுதான் பதில் வரும். முதல் டப்பா அவர் வீட்டுக்குப் போக வேண்டும்.

எழுதி வைப்பவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். கைப்பிடியும் பால் டின்னுமாக அளக்கும் அம்மாவின் பக்கத்தில் தராசோடு உட்கார்ந்து, அவர் மாவை அள்ளும்போதே பிடித்து நிறுத்தி, கிராமில் எடை போட்டுக் குறிப்பது லேசான வேலை இல்லை. அவருக்கு எரிச்சல் வரும், எண்ணெய் காயும். அப்படிக் குறித்த மகளின் பெயரும் அந்தப் பக்கத்தில் வரட்டும், அம்மாவின் பெயருக்கு அடுத்ததாக. தீபாவளிக்கு முந்தைய சனி ஞாயிறுகளில் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளான் தெங்கு கெலானா சாலையிலும் அரிசி மாவும் நெய்யும் வாங்கக் கூட்டம் நிற்கும். சாமானைத் தூக்கிக்கொண்டு மகள் பின்னால் நடக்கிற அந்த வாரமே இதற்குத் தோதான வாரம்.