ஐந்து சிப்பம் காற்றில் அரை அரிசித் தூசு

காற்று மாசு பற்றிப் பள்ளியில் ஓவியப் போட்டி வைத்தால் என்ன படம் வரும் என்பதை எந்த ஆசிரியரைக் கேட்டாலும் முன்கூட்டியே சொல்லிவிடுவார். ஒரு பக்கம் கரும்புகை கக்கும் ஆலை, மறுபக்கம் பச்சை மரம், நடுவில் முகக்கவசம் மாட்டிய பூமிப் பந்து, அடியில் ‘மரம் வளர்ப்போம்’ என்று கொட்டை எழுத்து. பரிசு வாங்கிய பிள்ளையிடம், “நீ உட்கார்ந்திருக்கிற வகுப்பறையில் எத்தனை கிலோ காற்று இருக்கும்?” என்று கேட்டுப் பாருங்கள். விழிக்கும். காற்றுக்கு எடை உண்டு என்று அது படித்திருக்கிறது. தன் தலைக்கு மேலே இருக்கும் காற்றை நிறுத்துப் பார்க்கலாம் என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை.

சுற்றுச்சூழல் கல்வி பள்ளிகளில் கட்டாயம் என்று வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டுவிட்டது. பாடமும் வந்துவிட்டது. ஆனால் அது பெரும்பாலும் நீதிபோதனை வகுப்பு போலத்தான் நடக்கிறது. அதைக் கொஞ்சம் கணக்கு வகுப்பாகவும் நடத்திப் பார்க்கலாம். ஓர் அளவுநாடாவும் ஒரு பிடி அரிசியும் இருந்தால் ஆரம்பித்துவிடலாம்.

அரிசிக் கணக்கு

இருபதுக்கு இருபது அடி வகுப்பறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீளம் 6 மீட்டர், அகலம் 6 மீட்டர், உயரம் 3 மீட்டர். கொள்ளளவு 108 கன மீட்டர். நம்மூர் வெயிலில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1.16 கிலோ இருக்கும். பெருக்கினால் 125 கிலோ. மளிகைக் கடையில் வாங்கும் 25 கிலோ அரிசிச் சிப்பத்தில் ஐந்து! ‘ஒன்றுமில்லை’ என்று நாம் நினைக்கும் காலி இடத்தின் எடை இது.

இனி தூசுக்கு வருவோம். பி.எம். 2.5 என்பது 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவான குறுக்களவும் உள்ள நுண்துகள்களைக் குறிக்கும். தலைமுடி ஒன்றின் தடிமனுக்குள் இப்படிப்பட்ட துகள்கள் இருபதுக்கு மேல் வரிசையாக நிற்கும். இந்தியாவில் 2009-ல் வகுத்த தர அளவுப்படி, 24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் இவை 60 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். அப்படியானால் நம் வகுப்பறை முழுவதிலும் 6,480 மைக்ரோகிராம், அதாவது ஆறரை மில்லிகிராம். நூறு பொன்னி அரிசியை எண்ணி நகைக் கடைத் தராசில் வைத்தால் ஒரு கிராமை ஒட்டி வரும். அந்தக் கணக்கில் ஆறரை மில்லிகிராம் என்பது அரை அரிசிக்குச் சற்று மேல்.

ஐந்து சிப்பம் காற்றில் அரை அரிசித் தூசு. இரண்டு கோடியில் ஒரு பங்கு. “இதுக்கா சார் இவ்வளவு சத்தம்?” என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். வர வேண்டும். பாடம் அந்தக் கேள்வியில்தான் சூடு பிடிக்கிறது.

அரை அரிசி முழுசாகக் கிடந்தால் ஒன்றுமில்லைதான். அதை 2.5 மைக்ரான் உருண்டைகளாகப் பொடித்துத் தூவினால் சுமார் 50 கோடி துகள்கள் கிடைக்கும். ஒவ்வொரு மில்லிலிட்டர் காற்றிலும் ஐந்து. அரை லிட்டர் மூச்சை உள்ளே இழுத்தால் இரண்டாயிரத்துக்கும் மேல். உண்மையில் பெரும்பாலான துகள்கள் இன்னும் சிறியவை என்பதால் எண்ணிக்கை இதைத் தாண்டும். பெரிய தூசை மூக்கின் மயிரும் சளியும் பிடித்து நிறுத்திவிடும். இந்தப் பொடியோ நுரையீரலின் கடைசிச் சிற்றறை வரை போய் உட்காரும். உடல் எடையோடு ஒப்பிட்டால் பெரியவர்களைவிடக் குழந்தைகள் அதிகக் காற்றை இழுக்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்த 24 மணி நேர அளவு 15 மைக்ரோகிராம்தான். நம்முடைய அளவில் கால் பங்கு. ஏன் இந்த வித்தியாசம் என்று பிள்ளைகளை விவாதிக்க விடலாம். விதி என்பது உடல்நலம், செலவு, நடைமுறை எல்லாவற்றையும் எடைபோட்டு மனிதர்கள் எழுதுவது என்பது அப்போது தானாகப் புரியும்.

போகிக் காலைக்கு மூடி போட்டது யார்?

2018 ஜனவரி 13, போகி. சென்னையில் விடிந்தும் விடியாத நேரத்தில் எரித்த பழம்பொருட்களின் புகை பனியோடு சேர்ந்துகொள்ள, ஓடுபாதையே தெரியவில்லை. தரையிறங்க வந்த விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்பட்டன. அதே குப்பையை மே மாத நண்பகலில் எரித்திருந்தால் நகரம் இப்படித் திணறியிருக்காது. காரணம் வளிமண்டலத்தில் இருக்கிறது.

சாதாரணமாக மேலே போகப் போகக் காற்று குளிரும். தரையில் சூடான காற்று புகையையும் தூக்கிக்கொண்டு மேலே ஏறிவிடும். மேகமும் காற்றோட்டமும் இல்லாத மார்கழி மாத இரவில் தரை வேகமாகக் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனக்கிறது. அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் உட்கார்ந்துவிடுகிறது. இதற்கு வெப்பநிலைத் தலைகீழ் மாற்றம் என்று பெயர். பகலில் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரம் வரை கலந்துபோகும் புகை, 150 மீட்டருக்குள் அடைபட்டால் அடர்த்தி பத்து மடங்காகும். வெயில் ஏறித் தரை சூடானதும் மூடி திறந்துகொள்ளும். 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை லண்டனில் இந்த மூடி நாள்கணக்கில் திறக்கவில்லை. நிலக்கரிப் புகையில் 4,000 பேர் இறந்ததாக அப்போது கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வுகள் 12,000 வரை சொல்கின்றன.

இதைக் காட்ட ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடிப் பாட்டில்கள் போதும். ஒன்றில் சிவப்பு மை கலந்த வெந்நீர் (கை பொறுக்கும் சூடு), மற்றதில் நீல மை கலந்த ஐஸ் தண்ணீர். இரண்டையும் விளிம்பு வரை நிரப்புங்கள். வெந்நீர்ப் பாட்டிலின் வாயில் ஓர் அட்டையை வைத்து, கவிழ்த்து, குளிர்நீர்ப் பாட்டிலின் மேல் நிறுத்தி, அட்டையை மெல்ல உருவுங்கள். மேலே சிவப்பு, கீழே நீலம், நடுவில் கோடு கிழித்தாற்போல் நிற்கும். இதுதான் போகிக் காலை. அடுத்து குளிர்நீரை மேலே வைத்துச் செய்தால் சில நொடிகளில் எல்லாம் கலந்து ஊதா நிறமாகிவிடும். இது நண்பகல். கீழே இரண்டு பேர் பாட்டிலைப் பிடித்துக்கொள்வது நல்லது. முதல் முயற்சியில் எப்படியும் மேசை நனையும்.

வாசலின் தடவிய அட்டை

அடுத்த சோதனைக்கு ஐந்து நாள் பிடிக்கும். வெள்ளை அட்டைகளில் ஒரு சென்டிமீட்டர் கட்டங்கள் வரைந்து, மேலே வாசலின் மெல்லியதாகத் தடவிக்கொள்ளுங்கள். பள்ளி வாசல், சத்துணவுக் கூடம், மொட்டை மாடி, மரத்தடி என்று ஒவ்வோர் இடத்திலும் ஒன்றைத் தொங்கவிடுங்கள். ஓர் அட்டையை மட்டும் மூடிய டப்பாவுக்குள் வையுங்கள். ஐந்து நாள் கழித்து லென்ஸ் வைத்து ஓர் அட்டைக்குப் பத்துக் கட்டங்களில் உள்ள புள்ளிகளை எண்ணிச் சராசரி எடுக்க வேண்டும்.

எதற்கு அந்த டப்பா அட்டை? வாசலின் தடவும்போதே ஒட்டிய தூசு எவ்வளவு என்று அது காட்டிக்கொடுக்கும். ஒரே அட்டையை இரண்டு மாணவர்கள் தனித்தனியே எண்ணினால் இரண்டு விடைகள் வரும். யாரும் தப்புப் பண்ணவில்லை, அளவீடு என்றாலே கொஞ்சம் முன்பின் இருக்கும் என்று அப்போது சொல்லலாம். முக்கியமான பாடம் கடைசியில் வருகிறது. லென்ஸில் தெரிவதெல்லாம் பெரிய தூசு. நுரையீரலின் அடிவரை போகும் துகள் இந்த லென்ஸுக்குத் தெரியாது. வாகனங்களும் ஆலைகளும் விடும் வாயுக்கள் வெயிலில் வினைபுரிந்து உருவாகும் தரைமட்ட ஓசோன் எந்த அட்டையிலும் ஒட்டாது. அட்டை சுத்தமாக இருப்பதால் காற்றும் சுத்தம் என்று எழுதிவிடக் கூடாது.

அந்த இடத்தில் கருவியின் துணை தேவை. மணலி, ஆலந்தூர், வேளச்சேரி போன்ற இடங்களில் உள்ள கண்காணிப்பு நிலையங்களின் எண்களை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ செயலியில் யாரும் பார்க்கலாம். காற்றுத் தரக் குறியீட்டை ரேங்க் கார்டு போல விளக்கலாம். எல்லாப் பாடத்தையும் கூட்டிப் போடும் மொத்த மதிப்பெண் அல்ல அது. எட்டு மாசுகளில் எது மிக மோசமோ அதன் எண்ணை மட்டுமே காட்டும். நுண்துகளுக்கு 24 மணி நேரச் சராசரியை எடுப்பதால், விடியற்காலை ஐந்து மணியின் உச்சம் அதில் அமுங்கிப்போகும்.

இவ்வளவும் சொன்ன பிறகு பிள்ளைகளைப் பயத்தோடு வீட்டுக்கு அனுப்பக் கூடாது. தெற்குக் கலிபோர்னியாவின் ஐந்து ஊர்களில் 2,120 குழந்தைகளின் நுரையீரல் வளர்ச்சியை மூன்று காலகட்டங்களில் அளந்து பார்த்த ஆய்வு 2015-ல் வெளியானது. காற்று மோசமாக இருந்த 1994-98 காலகட்டத்தில், 15 வயதில் நுரையீரல் திறன் குறைந்திருந்த பிள்ளைகள் 7.9 சதவீதம். கட்டுப்பாடுகளால் காற்று தேறிய பின், 2007-11-ல் அது 3.6 சதவீதமாக இறங்கியது. காற்றைத் திருத்த முடியும், திருத்தினால் நுரையீரல் தேறும்.

வரும் போகிக்கு ஆசிரியர்கள் ஒன்று செய்யலாம். அருகிலுள்ள நிலையத்தின் நுண்துகள் அளவை முதல் நாள் மாலையிலிருந்து போகியன்று நண்பகல் வரை மணிக்கு ஒருமுறை குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆளுக்கு இரண்டு மணி நேரம் பிரித்துக்கொண்டால் யாருக்கும் அதிகம் தூக்கம் கெடாது. பொங்கல் விடுமுறை முடிந்து வந்ததும் எல்லாரும் சேர்ந்து வரைபடம் போடட்டும். பரிசு வாங்கிய ஓவியத்துக்குப் பக்கத்தில் அதையும் ஒட்டிவையுங்கள்.