மூடியிருக்கும்போதே தேயும் டிராயர்

பழைய மோட்டார்ஹோம் வாங்குகிறவர்கள் எஞ்சினைக் குனிந்து பார்ப்பார்கள், கூரை ஒழுகுகிறதா என்று தடவிப் பார்ப்பார்கள். சமையலறை டிராயரை இழுத்துப் பார்க்க யாருக்கும் தோன்றாது. வாங்கிய பிறகு அதுதான் தினமும் கழுத்தை அறுக்கும். பாதி வந்து சிக்கும், ஒரு பக்கம் தொங்கும், ஒருநாள் கரண்டிகளோடு மொத்தமாகக் கையில் வந்துவிடும்.

மோட்டார்ஹோம் என்பது சக்கரத்தின்மேல் கட்டிய வீடு. கட்டில், அடுப்பு, கழிவறை எல்லாம் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னாலேயே இருக்கும். அமெரிக்காவில் அயோவா மாநிலத்து ஃபாரஸ்ட் சிட்டியில் வின்னிபேகோ நிறுவனம் 1966இல் இவற்றைச் செய்யத் தொடங்கியது. இண்டியானாவின் எல்க்ஹார்ட் வட்டாரம் இந்தத் தொழிலுக்கே தலைநகரம். 1980களில் செய்த வண்டிகள்கூட இன்னும் அங்கே சாலையில் ஓடுகின்றன. அவற்றின் டிராயர்கள் நகரும் தகட்டுச் சட்டத்தை நம் ஊர் ஆசாரிகள் சேனல் என்பார்கள். நாமும் அப்படியே சொல்வோம்.

இங்கே ஒரு கணக்கு இடிக்கிறது. வீட்டுச் சமையலறை டிராயரை நாள் முழுக்கத் திறந்து மூடுகிறோம், அது பல வருடம் உழைக்கிறது. மோட்டார்ஹோமோ வருடத்தில் பாதிக்கு மேல் சும்மா நிற்கும். விடுமுறை வந்தால் சில வாரம் ஓடும். திறந்து மூடிய எண்ணிக்கையைப் பார்த்தால் அதன் சேனல் புதுக்கருக்கு அழியாமல் இருக்க வேண்டும். ஆனால் திறக்கும்போது தேய்வது கொஞ்சம்தான். மூடிய டிராயரோடு வண்டி ஓடுகிறதே, அப்போதுதான் அதன் ஆயுசு கரைகிறது.

நன்றாக அடிபட்ட பால் பேரிங் சேனலைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் தடயம் தெரியும். உருக்குக் குண்டுகள் ஓடும் பள்ளத்தில், டிராயர் மூடியிருக்கையில் அவை நிற்கும் இடங்களில் மட்டும், அம்மி கொத்தியதுபோல வரிசையாகச் சின்னக் குழிகள் இருக்கும். அவற்றைச் சுற்றிச் செம்பழுப்புத் தூள். மற்ற இடமெல்லாம் வழவழப்பாகவே இருக்கும்.

குண்டு உருண்டு ஓடினால், தான் போகும் பாதையெல்லாம் கிரீஸைப் பூசிக்கொண்டே போகும். 1794இல் வேல்ஸ் நாட்டின் கார்மார்தனைச் சேர்ந்த ஃபிலிப் வான் பால் பேரிங்குக்குக் காப்புரிமை வாங்கியது வண்டி அச்சுக்காகத்தான். அச்சு சுழன்றுகொண்டே இருக்கும், பாரம் எல்லா இடத்துக்கும் பங்காகும். மூடிய டிராயருக்கு அந்த வசதி இல்லை. வண்டி அதிர அதிர, குண்டு நின்ற இடத்திலேயே கண்ணுக்குத் தெரியாத அளவு முன்னும் பின்னும் நடுங்குகிறது. கிரீஸ் பிதுங்கி ஓரத்துக்குப் போனால் போனதுதான், திரும்பி வர நேரமே கிடைக்காது. இரும்பும் இரும்பும் நேருக்கு நேர் உரசுகின்றன. பெயரும் துணுக்குகள் காற்றுப் பட்டு ஆக்சைடாகின்றன. அந்தத் தூளே மேலும் அரிக்கும் பொடியாகிறது.

பொறியாளர்கள் இதைப் போலி பிரினெல் தழும்பு என்கிறார்கள். சுவீடன்காரரான யோஹான் ஆகஸ்ட் பிரினெல் 1900இல் உலோகத்தின் கடினத்தை அளக்க ஒரு வழி சொன்னார்: கெட்டியான குண்டை அதில் அழுத்தி, விழும் குழியை அளந்து பார்ப்பது. டிராயர் சேனலின் குழி பார்வைக்கு அதேபோல இருந்தாலும் அழுத்தி விழுந்ததல்ல, உரசி அரித்தது. 1930களில் அமெரிக்கக் கார் நிறுவனங்கள் இதனால் திண்டாடின. புத்தம் புதுக் கார்களை ரயிலேற்றித் தொலைதூரம் அனுப்பினால், சாலையில் கால் வைக்காத காரின் சக்கர பேரிங் இறங்கும்போதே கெட்டிருந்தது. ஆல்மென் என்ற பொறியாளர் 1937இல் இதைப் பற்றி எழுதினார். காரை அசையாமல் கட்டித்தான் அனுப்பினார்கள். சக்கரம் சுழலாமல் அதிர்வை மட்டும் வாங்கியதுதான் வினை.

பழைய வண்டிகள் பலவற்றில் குண்டே கிடையாது. பூச்சுப் பூசிய தகடும், பக்கத்துக்கு இரண்டு நைலான் சக்கரமும்தான். ஒரு சக்கரம் அலமாரியின் முன்விளிம்பில், இன்னொன்று டிராயரின் பின்முனையில். 50 செ.மீ. நீள டிராயரில் 10 கிலோ சாமான் இருக்கிறது, 37 செ.மீ. வெளியே இழுத்துவிட்டோம் என்று வையுங்கள். உள்ளே மிச்சம் 13 செ.மீ. பாரத்தின் மையம் அலமாரி விளிம்பைத் தாண்டி 12 செ.மீ. வெளியே வந்துவிட்டது. டிராயர் கவிழாமல் இருக்கப் பின்சக்கரங்கள் மேல்தகட்டை ஒன்பது கிலோவுக்கு மேல் முட்டித் தள்ளுகின்றன. அந்தப் பாரமும் சேர்ந்து முன்சக்கரங்கள் ஏறக்குறைய 19 கிலோ சுமக்கின்றன. பழைய சேனலில் மேல்தகட்டின் உதடு விரிந்திருப்பது இதனால்தான். நைலானுக்கு இன்னொரு குணமும் உண்டு. ஒரே புள்ளியில் மாதக்கணக்கில் பாரம் நின்றால் மெல்ல மெல்ல உருமாறும், சூட்டில் இன்னும் சீக்கிரம். அரிசோனா வெயிலில் கதவடைத்து நிற்கும் வண்டிக்குள் சக்கரம் ஒரு பக்கம் தட்டையாகிப்போவதில் வியப்பில்லை.

சேனலை மாற்றுவது பெரிய வித்தை இல்லை. பக்கவாட்டில் பொருத்தும் நைலான் சக்கரச் சேனலுக்கும் பால் பேரிங் சேனலுக்கும் பொதுவாகப் பக்கத்துக்கு அரை அங்குல இடைவெளி, அதாவது 12.7 மி.மீ., வேண்டும். ஆகவே முன்னதைக் கழற்றிவிட்டுப் பின்னதைப் போடலாம். ஆனால் இத்தனை வருடம் குலுங்கிய அலமாரி சதுரமாக இருக்கும் என்று நம்பக் கூடாது. முன்னால், நடுவில், பின்னால் என்று தனித்தனியாக அளக்க வேண்டும். இடைவெளி கூடினால் தக்கை கொடுத்துச் சமாளிக்கலாம். குறைந்தால் டிராயர் இறுகும், பெட்டியையே இழைக்க வேண்டிவரும். அடியில் நடுவே ஒற்றைச் சட்டம் மட்டும் வைத்த டிராயர்களில் இந்தத் தொல்லை அதிகம். திருகுகளை முதலில் நீள்துளைகளில் போட்டு, ஏற்ற இறக்கம் சரிபார்த்த பிறகே வட்டத்துளைகளில் இறுக்க வேண்டும். டிராயரைத் திரும்பச் செருகும்முன் குண்டுகள் கோத்த தகட்டை முன்பக்கம் இழுத்து வைக்க மறந்தால், குண்டுகள் தெறித்து வண்டியெங்கும் ஓடும்.

சேனலைவிட மரம்தான் படுத்தும். எடை குறைய வேண்டும் என்று மெல்லிய பிளைவுட்டும் மரத்தூள் பலகையும் போட்டிருப்பார்கள். அதிர்வில் திருகின் துளை அகன்றுபோயிருக்கும். அதே துளையில் பெரிய திருகைத் திணிப்பது சோம்பேறி வேலை. பசையில் தோய்த்த மரக்குச்சிகளால் அடைத்து, காய்ந்தபின் புதுத் துளை போடலாம். அதைவிட நல்லது, உள்பக்கம் ஒரு கெட்டி மரச்சட்டத்தை ஒட்டி அதில் திருகுவது. சேனல் வரும் அட்டைப்பெட்டியில் 45 கிலோ தாங்கும் என்று அச்சிட்டிருப்பதும் ஒரு ஜோடிக்கான கணக்கு, அதுவும் நகராத வீட்டுக்கு. சாலைப் பள்ளத்தில் வண்டி தூக்கிப்போட்டால் அந்தக் கணத்தில் டிராயரின் பாரம் இரண்டு மடங்காகிவிடலாம்.

புதுச் சேனல் போட்டதும் புதுத் தலைவலி ஒன்று வரும். மரத்தோடு மரம் உரசும் டிராயர் சரக்கின் எடையில் கால்பங்கு, சில வேளை அதற்கும் மேல், பலத்தோடு இழுத்தால்தான் அசையும். நல்ல பால் பேரிங் சேனலுக்கு நூறில் ஒன்றிரண்டு பங்கே போதும். வளைவில் வண்டி திரும்பும்போது பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால், 10 கிலோ டிராயரை மூன்று கிலோவுக்கு மேலான விசை வெளியே இழுக்கும். மரத்தோடு மரம் உரசும் டிராயர் முரண்டு பிடித்து நின்றிருக்கும், இல்லையென்றால் மெல்ல நகர்ந்திருக்கும். புதியது சீறிக்கொண்டு வெளியே வரும். சேனல் எவ்வளவு உசத்தியோ அவ்வளவுக்குப் பூட்டு அவசியம். வீடுகளுக்கான மெதுவாக மூடும் ரகத்தின் சுருள்வில் இந்த இழுப்புக்காகச் செய்ததல்ல.

அந்தக் காலத்து வண்டிகளில் இதற்கு ஒரு எளிய ஏற்பாடு இருந்தது. மூடியதும் டிராயரின் முன்பக்கம் ஒரு பள்ளத்தில் இறங்கி உட்காரும், சற்றே தூக்கி இழுத்தால்தான் வரும். பால் பேரிங் சேனலில் அப்படித் தூக்க முடியாது. மூடிய நிலையில் தானே பூட்டிக்கொள்ளும் சேனல்கள் கிடைக்கின்றன. ஆனால் பலவற்றில் இரண்டு பக்க நெம்பையும் சேர்த்து அழுத்த வேண்டும், ஒரு கையில் வாணலி இருந்தால் ஆகாது. அதனால் சாதாரணச் சேனலைப் போட்டு, முகப்பில் அழுத்தினால் வெளியே துருத்தும் பொத்தான் பூட்டு ஒன்றை வைப்பதே என் கணக்கில் உத்தமம். பொத்தான் துருத்திக்கொண்டிருந்தால் பூட்டவில்லை என்று அர்த்தம், வண்டியைக் கிளப்பும்முன் ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.