கைத்தொலைபேசியும் நடுவுநிலைமையும்

மாத்தளையிலே மிளகு வாங்கும் வியாபாரியைக் கவனித்தவர்கள் அறிவார்கள். சாக்கைத் திறந்து ஒரு பிடி அள்ளுவார். உள்ளங்கையில் இட்டுத் தேய்ப்பார். ஒன்றை வாயிலிட்டுக் கடிப்பார். அதன் பின்னரே விலை பேசுவார். விற்பவரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பி அவர் பணம் கொடுப்பதில்லை.

ஆயின், கைத்தொலைபேசி வாங்கச் செல்லும் நாம் எதைத் தேய்த்துப் பார்ப்பது? கண்ணாடிப் பெட்டிக்குள்ளே எல்லாம் ஒன்றுபோல் மினுங்குகின்றன. 2024ஆம் ஆண்டிலே தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. அக்கணக்கின்படி, 54,000 ரூபா விலையுள்ள கருவி ஒரு தாயின் 40 நாள் உழைப்பாகும். பிள்ளையின் படிப்புக்கென வாங்கிய அது சில மாதங்களிற் பழுதானால், அந்த நாட்களை அவளுக்கு மீட்டுக் கொடுப்பவர் யார்?

இக்குறையை நிரப்பவே, கருவிகளைச் சோதித்து யூடியூப் வாயிலாகக் குணங்குற்றங்களை எடுத்துரைக்கும் தொழில் தோன்றியுள்ளது. தொழில் புதிது, நெறி பழையது. அமெரிக்காவிலே 1936இல் தொடங்கிய நுகர்வோர் சங்கமொன்று, தான் சோதிக்கும் பொருட்களைத் தானே கடையில் விலைகொடுத்து வாங்கியது. தன் சஞ்சிகையிலே விளம்பரத்துக்கு இடமளிக்கவில்லை.

மார்க்கஸ் பிரௌன்லி என்னும் அமெரிக்கர் 2009இல், பள்ளி மாணவராயிருந்தபோதே இத்துறையில் இறங்கினார். 2024 ஏப்ரலில், ஹியூமேன் கம்பனி 699 டொலருக்கு விற்ற, சட்டையில் அணியும் கருவியொன்றைத் தாம் சோதித்தவற்றுள் மிக மோசமானது என்றார். வளரும் கம்பனியைக் கெடுக்கலாமா என்று கண்டனம் எழுந்தது. விமர்சனமன்று, தரமற்ற பொருளே கம்பனியை வீழ்த்தும் என்பது அவரது பதிலின் சாரம். 2025 பெப்ரவரியில் அக்கருவிகளின் சேவையே நிறுத்தப்பட்டது.

ஆனால், சொல்பவருக்கும் வயிறு உண்டன்றோ? ஆயிரம் சந்தாதாரரும், ஓராண்டில் 4,000 மணிநேரப் பார்வையும் சேர்ந்த பின்னர், சாதாரணக் காணொளியின் விளம்பர வருவாயில் நூற்றுக்கு 55 பங்கு அவரை அடையும். அதுவரை அவரைத் தேடி வருபவை கம்பனியின் இலவசக் கருவியும் தரகுப் பணமுமே. சோதனை அங்கேதான்.

எம்மிடம் கற்ற மாணவன் ஒருவன் தமிழிலே இவ்வாறு காணொளிகள் செய்து வருகிறான். கடைக்காரர் ஒருவர் புதிய தொலைபேசியொன்றைக் கொடுத்து, "சூடாவதை மட்டும் சொல்லாதே, தம்பி, பிறகு இது உனக்கே" என்றாராம். அவனுடைய பழைய தொலைபேசியின் திரையோ விரிசல் கண்டது. "சேர், என்ன செய்யட்டும்?" என்று கேட்டு எம் வீட்டுக்கு வந்தான். "உன் தாய் இதை வாங்கப் போனால் என்ன சொல்வாய்?" என்று மட்டும் கேட்டோம். மறுநாட் காலையிலேயே கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். விரிசல் விழுந்த தொலைபேசியிலேதான் இன்றும் படம் பிடிக்கிறான்.

வாசகர்களுக்கு நாம் சொல்வது இதுவே. கருவி எவர் தந்தது, எத்தனை நாள் பாவித்தார், குறை ஒன்றேனும் சொன்னாரா என்று பாருங்கள். பணம் பெற்றுப் பேசுவோர் அதனை வெளிப்படையாகக் குறிக்க வேண்டுமென்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2021இல் நெறி வகுத்தது. பணம் பெறுவது குற்றமன்று, மறைப்பதே குற்றம்.

தராசு பிடிப்பவன் தட்டிலே விரல் வைத்தால், இழப்பது மிளகு மட்டுமன்று. அவன் கடையின் பெயருமாகும்.