மேடை ஏறிய மடிநாய்

வேட்டைக்கு ஒரு நாய், மந்தைக்கு ஒரு நாய், காவலுக்கு ஒரு நாய் என்று தொழில் பற்றி நாய்களைப் பிரித்தனர் முன்னோர். இத்தொழில்களுள் ஒன்றும் செய்யாது, மனிதனுக்குத் துணையாக இருப்பதையே தொழிலாகக் கொண்ட நாய்களும் உண்டு. அவற்றை மடிநாய் என்கிறோம். வேட்டைநாயின் தகுதியை அதன் ஓட்டம் காட்டும். மந்தைநாயின் தகுதியை மந்தை காட்டும். மடிநாயின் தகுதியை எதைக்கொண்டு அளப்பது? இவ்வினாவுக்கு விடை தேடுவதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட சிலரைப் பற்றியும், அவர்கள் கண்ட விடையால் விளைந்த நன்மை தீமைகளைப் பற்றியும் மாணவர்களாகிய உங்களுக்கு இன்று சொல்ல விரும்புகிறேன்.

நாய்களை வரிசையாக நிறுத்திப் பரிசளிக்கும் கண்காட்சி இங்கிலாந்தில் வேரூன்றிய வழக்கம். 1859ஆம் ஆண்டு நியூகாசில் நகரில் நடந்த காட்சியில் வேட்டைக்குரிய இரண்டு இனங்களே இடம்பெற்றன. பரிசாகத் துப்பாக்கிகள் வழங்கப்பட்டன. 1873இல் லண்டனில் கென்னல் கிளப் தோன்றி, வம்சப் பதிவேடும் விதிகளும் வகுத்தது. நாய்களுக்கான பிஸ்கோத்து விற்பனையில் ஈடுபட்டிருந்த சார்லஸ் கிரஃப்ட் என்பவர் 1891இல் தம் பெயரால் ஒரு காட்சியைத் தொடங்கினார். அதுவே இன்று பர்மிங்காமில் நடைபெறும் கிரஃப்ட்ஸ் காட்சி.

ஒவ்வோர் இனத்திற்கும் இலக்கணம் போன்ற ஓர் எழுத்து விதி உண்டு. தலையின் வடிவம், கண்ணின் நிறம், செவி அமைந்த இடம், பல்வரிசை, நடை ஆகிய யாவும் அதில் கூறப்பட்டிருக்கும். நடுவர் ஒரு நாயை மற்றொரு நாயோடு ஒப்பிடுவதுபோலத் தோன்றினும், உண்மையில் ஒவ்வொன்றையும் அவ்விலக்கணத்தோடு ஒப்பிடுகிறார். சிறிய நாயை மேசைமேல் நிறுத்திக் கையால் தொட்டுப் பார்ப்பார். பின்னர்த் தரையில் நடக்கவிட்டு நோக்குவார். சில நிமிடங்களில் தேர்வு முடிந்துவிடும்.

இக்காட்சிகளைத் தாங்கி நிற்போரெல்லாம் பெருஞ்செல்வர் அல்லர். வீட்டில் நாலைந்து நாய்களை வைத்துக்கொண்டு, ஆண்டுக்கு ஓரிரு ஈற்றுக் குட்டிகளை வளர்ப்போர் பலர். நாய் ஈனும் இரவில் கண்விழித்தல், குட்டிகளை நாள்தோறும் நிறுத்து எடையைக் குறித்தல், பாட்டன் பூட்டன் பெயர்களை ஆராய்ந்து இணை தேடுதல், விடியுமுன் எழுந்து நெடுந்தொலைவு பயணம் செய்தல் என அவர்தம் உழைப்புக்கு அளவில்லை. கைக்கு வருவதோ பெரும்பாலும் ஒரு பட்டுநாடா. நாயின் ஒரு தலைமுறைக்கு மூன்றாண்டு என்று கொண்டால், 40 ஆண்டு உழைத்தவரும் 13 தலைமுறைகளையே காண முடியும். மனத்தில் எழுதி வைத்த ஓர் உருவத்தை உயிருள்ள உடலில் கொண்டுவரும் முயற்சி அது. சிற்பிக்குக் கல் போதும். இவர்களுக்கோ ஓர் ஆயுட்காலம் வேண்டும்.

இம்முயற்சிக்குச் சிறந்த சான்று, கவலியர் கிங் சார்லஸ் ஸ்பானியல் என்னும் மடிநாய். 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தை ஆண்ட இரண்டாம் சார்லஸ் மன்னர் சிறு ஸ்பானியல்களிடம் பேரன்பு கொண்டிருந்தார். அக்கால ஓவியங்களில் அவை நீண்ட மூக்கும் தட்டையான உச்சியும் உடையனவாகக் காணப்படுகின்றன. பின்னர் வழக்கம் மாறிற்று. சப்பை மூக்கும் உருண்ட தலையுமே அழகு என்றாயின. பழைய உருவம் ஏறக்குறைய மறைந்தே போயிற்று.

1926இல் ராஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்ற அமெரிக்கர், ஓவியத்தில் கண்ட அந்த நாயைத் தேடி, கிரஃப்ட்ஸ் காட்சியில் பழைய உருவமுள்ள நாய்க்கு 25 பவுன் பரிசு அறிவித்தார். முதலில் பலர் நகைத்தனர். பல்லாண்டு பாடுபட்டு நீக்கிய நீண்ட மூக்கை மீண்டும் வேண்டுவோர் யார் என்று கேட்டனர். ஆயினும் சிலர் முன்வந்தனர். 1928இல் ஆன்ஸ் ஸன் என்ற நாய் அப்பரிசைப் பெற்றது. அதனைக் காண எல்ட்ரிட்ஜ் உயிரோடு இல்லை. அவ்வாண்டே இவ்வினத்திற்கெனச் சங்கம் அமைந்தது. ஆன்ஸ் ஸன்னையே மாதிரியாகக் கொண்டு இலக்கணமும் எழுதப்பட்டது. மயிரைக் கத்தரித்துச் செயற்கையாக அழகு செய்யலாகாது என்றும் அச்சங்கத்தார் உறுதி பூண்டனர்.

அச்சங்கத்திற்காகப் பல்லாண்டு உழைத்தவர் திருமதி ஹியூயிட் பிட். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அவரிடமிருந்த நாய்கள் 60இலிருந்து மூன்றாகக் குறைந்தன என்பர். அவர் தளரவில்லை. 1945இல் கென்னல் கிளப் இவ்வினத்தைத் தனி இனமாக ஏற்றது. 1973இல் கிரஃப்ட்ஸ் காட்சியின் தலைசிறந்த நாயாக ஒரு கவலியரே தேர்ந்தெடுக்கப்பட்டது. நகைத்தவர் நாணும்படி வென்றது அம்முயற்சி.

கதை இத்துடன் முடிந்திருப்பின் நான் மகிழ்வேன். முடியவில்லை. மிகச் சில நாய்களிலிருந்தே இனம் முழுதும் பெருகியமையால், அவற்றின் குருதியில் மறைந்திருந்த குறைகளும் உடன் பெருகின. இதயத்தின் இடப்புறம் மேலறைக்கும் கீழறைக்கும் இடையே கதவுபோல ஒரு வால்வு உண்டு. கவலியர்களில் இக்கதவு இளமையிலேயே நலிந்து, இரத்தம் பின்னோக்கிக் கசிகிறது. ஐந்து வயதுக்குள் ஏறத்தாழப் பாதி நாய்களிடம் இக்கசிவின் ஓசை கேட்கிறது. பத்து வயதில் தப்பியவை மிகச் சிலவே. மற்றொரு நோய், மூளைக்கு மண்டையோட்டில் இடம் போதாமையால் வருவது. தண்டுவடத்தில் நீர் தேங்கி, கழுத்தில் தாங்கொணா வலி உண்டாகிறது.

இவ்வளவு அன்புடையோர் இதனை எவ்வாறு கவனியாது விட்டனர் என்று நீங்கள் கேட்கலாம். விடை கால அட்டவணையில் இருக்கிறது. நாய் இரண்டு வயதில் பரிசு பெறுகிறது. மூன்று வயதில் பல குட்டிகளுக்குத் தந்தையாகிறது. இதய நோயோ ஐந்து, ஆறு வயதில்தான் வெளிப்படுகிறது. அதற்குள் அதன் குட்டிகளும் மேடை ஏறிவிடுகின்றன. மேலும், நடுவரின் கைக்கு மயிரின் மென்மை தெரியும். வால்வின் கசிவு தெரியாது. பல்லாண்டு விடைத்தாள் திருத்தியவன் என்ற முறையில் இதனை நான் நன்கு உணர்வேன். தேர்வு எதனைக் கேட்கிறதோ அதனையே மாணவர் வளர்த்துக்கொள்வர்; கேளாததை வளர்ப்பார் அரியர்.

2008இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வெளியான ஓர் ஆவணப்படம் இவ்வுண்மையை ஊரறியச் செய்தது. கென்னல் கிளப் பல இனங்களின் இலக்கணங்களைத் திருத்தியது. 2022இல் நார்வே நாட்டு நீதிமன்றம் ஒன்று, கவலியர்களை இன்றுள்ள நிலையில் இனப்பெருக்கம் செய்வது விலங்கு நலச் சட்டத்திற்கு மாறானது என்று தீர்ப்பளித்தது.

பரிகாரம் இல்லாமல் இல்லை. இரண்டரை வயதுக்கு முன் எந்த நாயையும் இணை சேர்க்கலாகாது. அதன் பெற்றோர் ஐந்து வயதிலும் இதயக் கசிவின்றி இருந்திருத்தல் வேண்டும் என்று மருத்துவர் விதி வகுத்தனர். டென்மார்க்கில் இதயச் சோதனையைக் கட்டாயமாக்கியபின் நோய் குறைந்தமை ஆராய்ச்சியால் தெளிந்தது. வேற்றினக் குருதியைக் கலத்தல் வேண்டும் என்போரும் உளர். எவ்வழியாயினும், சிறு வளர்ப்பாளருக்கு அது கடினமான சோதனை. 30 ஆண்டு காத்திருந்து பெற்ற அழகிய நாயிடம் மருத்துவர் ஒரு சிறு ஓசையைக் கேட்டுவிட்டால், அதன் வழியை அத்துடன் நிறுத்திவிட வேண்டும். அவ்வாறு நிறுத்தியவர்களும் உண்டு. கோப்பை வென்றோரினும் அவர்களையே நான் உயர்ந்த வளர்ப்பாளர் என்பேன்.

மாணவர்களே, பிற்காலத்தில் நீங்கள் குட்டி வாங்கப் போகுங்கால், அதன் தந்தை வென்ற கோப்பைகளைக் கேளாதீர்கள். அதன் பாட்டனும் பாட்டியும் எத்தனை வயதுவரை மூச்சிரைக்காமல் ஓடித் திரிந்தன என்று கேளுங்கள். வாங்குவோர் அதனைக் கேட்கத் தொடங்கினால், வளர்ப்போரும் அதனையே வளர்ப்பர்.