டப்பா மாறினால் கணக்கும் மாறும்!

குழந்தைக்குப் பிறந்த நாள் என்றால் வீட்டிலேயே சாக்லேட் கேக் செய்துவிட வேண்டும் என்று பல இளம் தாய்மார்களுக்கு ஆசை. ஆனால் குறிப்பில் ஒரு சாக்லேட் இருக்கும். அலமாரியில் இருப்பதோ வேறொன்று. "எல்லாம் சாக்லேட்தானே!" என்று போட்டுவிட்டால் முட்டையும் வெண்ணெயும் வீண். தாராளமாக மாற்றிப் போடலாம், சகோதரிகளே. கொழுப்பு, சர்க்கரை, சோடா இந்த மூன்றுக்கும் மட்டும் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனிப்பில்லாத கட்டி சாக்லேட்: வெளிநாட்டுக் குறிப்புகளில் அடிக்கடி வரும். இதில் ஏறக்குறைய பாதி கோகோ வெண்ணெய். கோகோ பவுடரிலோ அதில் பெரும் பகுதியைப் பிழிந்து எடுத்திருப்பார்கள். ஆகவே 28 கிராம் (1 அவுன்ஸ்) கட்டிக்கு 3 மேஜைக்கரண்டி கோகோவும் 1 மேஜைக்கரண்டி வெண்ணெயும் போடுங்கள். வெண்ணெயை விட்டுவிட்டால் கேக் வறண்டு உதிரும்.

சற்றே இனிப்புள்ள டார்க் சாக்லேட்: 28 கிராமுக்கு 1 மேஜைக்கரண்டி கோகோ, 1 மேஜைக்கரண்டி சர்க்கரை, 2 டீஸ்பூன் வெண்ணெய்.

குடிக்கும் சாக்லேட் பவுடர்: கோகோவுக்குப் பதில் இதைப் போடாதீர்கள். இதில் பெரும் பங்கு சர்க்கரை. நிறமும் வராது, மணமும் வராது. இனிப்பு மட்டும் திகட்டும்.

காம்பவுண்ட் கட்டி: இதில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்த்திருப்பார்கள். கேக்கின் மேலே உருக்கி ஊற்ற நல்லது. மாவில் கலக்க கோகோதான் மேல்.

இனி சோடா விஷயம். என் நாத்தனார் மகள் குழந்தையின் முதல் பிறந்த நாளுக்குக் கேக் செய்தாள். மாமியார் வீட்டார் எல்லாரும் வந்திருந்தார்கள். கேக் உப்பவில்லை, வாயில் வைத்தால் சோப்பு வாடை. "எனக்குக் கை வரலை மாமி, இனிமே கடையிலேயே வாங்கிடறேன்" என்று கண் கலங்கினாள். டப்பாவை வாங்கிப் பார்த்தேன். டச்சு கோகோ!

சாதாரண கோகோவுக்கு இயல்பாகவே கொஞ்சம் புளிப்பு உண்டு. அந்தப் புளிப்போடு சமையல் சோடா சேர்ந்தால்தான் கேக் பொங்கும். ஹாலந்தில் வான் ஹூட்டன் என்பவர் 19-ம் நூற்றாண்டில் கொண்டுவந்த முறைப்படி கார உப்பால் பதப்படுத்தினால் அந்தப் புளிப்பு போய்விடும், நிறம் கருக்கும். அதுதான் டச்சு கோகோ. தயிர், மோர் மாதிரி வேறு புளிப்பு இல்லாத மாவில் இதோடு சோடா போட்டால் சோடா அப்படியே தங்கிவிடும். அதனால் 1 டீஸ்பூன் சோடாவுக்குப் பதில் 3 டீஸ்பூன் பேக்கிங் பவுடர் போடச் சொன்னேன். மறு வாரம் அவள் செய்த கேக்கில் ஒரு துண்டு மிஞ்சவில்லை!

கடையில் வாங்கும்போதே லேபிளைப் படியுங்கள். 'ஆல்கலைஸ்டு' என்றோ, 500, 501 என்ற எண்களோ இருந்தால் அது டச்சு கோகோ.

அடுத்த முறை கேக் சரியாக வரவில்லையென்றால் உங்கள் கையை நொந்துகொள்ளாதீர்கள். முதலில் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்!