பாரம் தாங்கும் சிறு சக்கரம்

சரக்குக் கிடங்கில் லாரி வந்து நின்றதும் முதலில் புறப்படுவது, இரண்டு இரும்புக் கரங்களும் நீண்ட கைப்பிடியும் கொண்ட ஹேண்ட் பேலட் டிரக்தான். சாதாரணமாக 2,500 கிலோ வரை தாங்கவல்ல அவ்வண்டியின் பாரத்தில் பெரும்பங்கு, கரங்களின் நுனியில் மறைந்திருக்கும் சுமார் 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளைகளின் மீதே இறங்குகிறது என்பதையும், அவ்வுருளைகள் பழுதானால் அதன் துன்பத்தை முதலில் அனுபவிப்பவை வண்டி இழுக்கும் தொழிலாளியின் தோளும் இடுப்புமே என்பதையும் சிந்தித்தால், மாற்றுச் சக்கரம் வாங்குவதை விலையை மட்டும் பார்த்து முடித்துவிடும் அற்ப விஷயமாகக் கருத மனம் இடம் தராது.

நைலான் சக்கரம் வழவழப்பான தரையில் இலகுவாக உருளும். ஆயினும் பேரோசை எழுப்பும், எபாக்ஸி பூசிய தரையைச் சேதப்படுத்தும். ரப்பர் சக்கரமோ ஓசையின்றிச் செல்லும்; பாரம் மிகுந்தால் நசுங்கி, மணலில் மாட்டுவண்டியை இழுப்பது போன்ற சிரமத்தைக் கொடுக்கும். 1937-ஆம் ஆண்டு ஜெர்மனியில் ஓட்டோ பேயரும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய பாலியூரித்தேன் (பி.யு.), உறுதியையும் நெகிழ்ச்சியையும் ஒருங்கே பெற்றிருப்பதால், நைலானுக்கும் ரப்பருக்கும் இடைப்பட்ட உத்தமமான வழியாயிற்று.

எனினும், 'பி.யு. சக்கரம்' என்று விற்கப்படுவன யாவும் ஒரே குணமுடையன அல்ல. பாலியெஸ்டர் வகை எண்ணெய்க்கும் தேய்மானத்திற்கும் நன்கு ஈடுகொடுக்கும். ஆனால் ஈரம் மிகுந்த இடத்தில் நாளடைவில் சிதைந்து உதிரும். ஆதலால், தினந்தோறும் தண்ணீர் விட்டுக் கழுவும் மீன் கிடங்குக்கும் குளிர்பதன அறைக்கும் பாலியீதர் வகையே பொருத்தமானது. கடினத்தைக் குறிக்கும் ஷோர் ஏ அளவில் 92 முதல் 95 வரை உள்ளவை பெரும்பாலான கிடங்குகளுக்குப் போதும். இரும்புத் துருவல் சிதறிக்கிடக்கும் பட்டறையில் அத்துருவல் பி.யு.வில் பதிந்து அதைக் கிழித்துவிடும் என்பதால், அங்கே மட்டும் நைலானை நாடுவது விவேகம்.

அளவெடுப்பதில் அதிக ஜாக்கிரதை வேண்டும். தேய்ந்துபோன சக்கரத்தை அளந்து அதே விட்டத்தில் புதியது வாங்கினால், கரம் தாழ்ந்து தரையில் உரசும்; வண்டியின் கையேட்டில் உள்ள விட்டத்தைக் காட்டிலும் பெரிதாக வாங்கினாலோ, இறக்கிய நிலையிலும் கரம் உயர்ந்தே நின்று பேலட்டுக்குள் நுழைய மறுக்கும். அகலத்தையும், அச்சின் பருமனையும், பேரிங்கின் மீது பொறித்த எண்ணையும் குறித்துக்கொண்டே கடைக்குப் போக வேண்டும். ஒரு பக்கத்து உருளையை மட்டும் மாற்றினால் பாரம் ஒருபுறமாகச் சாயுமாதலால், இரு பக்கங்களையும் ஒருசேர மாற்றுவதே முறை. மேடுபள்ளமான தரையிலும் சரிவுகளிலும், கரத்திற்கு இரண்டு உருளைகள் கொண்ட அமைப்பு பாரத்தைப் பகிர்ந்து தடைகளை எளிதில் தாண்டும்; ஒற்றை உருளைக்கான வண்டியில் அதை வலிந்து பொருத்த முயல்வது வீண்.

பி.யு. உறை உலோக மையத்தை விட்டுக் கழன்றாலும், வெடிப்பு விட்டாலும், ஓரிடத்தில் தட்டையாகிவிட்டாலும், இன்னும் சில நாள் ஓடட்டும் என்று தாமதிப்பது சிக்கனமாகாது. கிடங்கின் பொறுப்பாளர்களை நாம் வேண்டுவது ஒன்றே: அடுத்த முறை சக்கரத்துக்கு ஆர்டர் எழுதுமுன், அந்த வண்டியை நாள் முழுவதும் இழுக்கிறவரை அழைத்து, எந்த இடத்தில் அது இழுக்கக் கனக்கிறது என்று கேளுங்கள், அதன் பிறகு விலையைப் பாருங்கள்.